ஸ்டிக்கரோடு வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பொதிகள்

காப்ரொவோ என்ற ஊரின் ஆற்றங்கரை நீர்ச் சோதனைக்கூடத்தில் இருந்த ஒரே மடிக்கணினியில் எழுநூற்று நாற்பத்தொரு பொதிகள் இருந்தன. லினக்ஸில் எந்த மென்பொருளும் பொதியாகத்தான் வரும். அங்கே வேலை பார்க்கும் திலியானா ஒவ்வொன்றின் பெயரையும் படித்துப் பார்த்தே உள்ளே விட்டிருந்தாள். எதற்கென்று தெரியாததை வெளியே தள்ளியிருந்தாள். எழுநூற்று நாற்பத்தொன்று என்ற எண் வீட்டுக் கதவெண்ணைப் போல அவளுக்கு மனப்பாடம்.

கணினி பழையது. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று ஒதுக்கியதை, சோதனைக்கூடத்தின் தலைவர் ஹரலாம்பி தன் காரில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். லினக்ஸ் போடச் சொன்னதும் அவர்தான். இலவசம் என்பதைத் தவிர அதைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரியாது.

அந்தக் கணினியிலிருந்து ஒரு கம்பி சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பக்கத்து அறைக்குப் போய், ஊற்றுநீர்க் குழாயின் மேல் இருந்த ஒரு பெட்டியில் முடிந்தது. பெட்டியை திலியானாவே செய்திருந்தாள். ஒரு விளக்கு, ஒரு ஒளியுணரி, மலிவான ஒரு சிப். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அது அளக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை கணினியில் ஒரு சின்ன நிரல் எழுந்து, பெட்டியைக் கேட்டு, கிடைத்த எண்ணை எழுதிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

முப்பது நாள் அது விடாமல் எழுத வேண்டும். இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது மாவட்ட அலுவலகத்தின் விதி. முப்பது நாள் தாண்டினால் பெட்டிக்கு அங்கீகாரம் கிடைக்கும், ஊருக்கு மேலே இருக்கும் மூன்று ஊற்றுகளிலும் அதைப் பொருத்துவார்கள், திலியானாவின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். தாண்டாவிட்டால் மே மாதக் கடைசியோடு அவள் கிளம்ப வேண்டியதுதான்.

அன்று இருபத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை.

காலை பத்து மணிக்கு ஹரலாம்பி ஒரு கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவும் மறு கையில் ஒரு பென்டிரைவுமாக வந்தார். அவர் பின்னால் தண்ணீர் மாதிரி எடுக்கும் த்ஸோன்கா வந்தாள். ஐம்பது வயது. இந்த ஊரில் ஹரலாம்பியை முகத்துக்கு நேராகக் கேலி செய்யும் ஒரே ஆள்.

"ஏம்மா, ஒரு சின்ன வேலை," என்றார் ஹரலாம்பி. "சனிக்கிழமை திருவிழா ஊர்வலத்துல நம்ம வண்டியும் போகுதில்ல? பாட்டிலுக்கு ஸ்டிக்கர் அடிக்கணும். எரநூறு."

"என்ன எழுதியிருக்குன்னு கேளு பொண்ணே," என்றாள் த்ஸோன்கா.

ஹரலாம்பி பெருமையோடு சொன்னார். "காப்ரொவோ தண்ணீர். குடித்துவிட்டு மீதியைத் திருப்பித் தரவும்."

எழுத்துக்குக் கீழே வாலறுந்த கறுப்புப் பூனை. பூனை உள்ளே வரும்போது வாலும் வந்து முடியும்வரை கதவு திறந்தே கிடக்கிறது, அறையின் சூடு வீணாகிறது என்று வாலை நறுக்கிவிட்ட ஊர் அது. மற்ற ஊர்க்காரர்கள் கஞ்சத்தனம் என்று கிண்டலாகச் சொல்வதை இந்த ஊர்க்காரர்கள் கொடியில் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள்.

"இந்தக் கம்ப்யூட்டர்லயா ஐயா?" என்றாள் திலியானா. "பெட்டி ஓடிட்டிருக்கு."

"ஓடட்டுமே. நாம என்ன பெட்டியைத் தொடவா போறோம்? ஒரு கம்ப்யூட்டர் சும்மா நிமிஷத்துக்கு ஒரு நம்பர் எழுதிட்டு உக்காந்திருக்கு. மிச்ச நேரமெல்லாம் கரண்ட்டு வீணாப் போகுது."

"இவர் தூங்கும்போது கடிகாரத்தை நிறுத்தி வைக்கிற ஆளு," என்றாள் த்ஸோன்கா. "முள்ளு தேய்ஞ்சிடுமாம்."

"பல்சக்கரம்டீ, முள்ளு இல்ல."

ஸ்டிக்கர் அடிக்க ஒரு சின்ன மென்பொருள் உண்டு. அதை மட்டும் நிறுவினால் போதும். திலியானா கட்டளையைத் தட்டினாள். திரையில் ஒரு பட்டியல் விழத் தொடங்கியது. விழுந்துகொண்டே இருந்தது. ஒரு திரை நிறைந்து, அடுத்த திரை நிறைந்து, அதற்கும் அடுத்தது நிறைந்து நின்றது. கீழே ஒரு வரி: புதிதாக நிறுவப்படுபவை 312. தொடரலாமா?

அவளுக்கு முதலில் புரியவில்லை. ஒரு பூனைப் படத்தை ஒட்டுத்தாளில் அச்சடிக்க முந்நூற்றுப் பன்னிரண்டா? கண்ணில் பட்டதைப் படித்தாள். சீட்டாட்டம். கம்பியில்லாக் காதொலிப்பான்களுக்கு ஏதோ. கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் பெட்டகம். இரண்டு வேறு டெஸ்க்டாப் சூழல்களின் பாதி உறுப்புகள். வெல்ஷ் மொழியின் எழுத்துப்பிழை அகராதி. ஒரு முழு அஞ்சல் நிலையம்.

விருந்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்த மாதிரி. அதுவும் கூப்பிடப்பட்டவரின் உறவு கூட இல்லை. உறவின் உறவு. ஒன்று இன்னொன்றைக் கேட்கிறது, அது மூன்றைப் பரிந்துரைக்கிறது, மூன்றும் ஆளுக்கு ஐந்தைக் கையைப் பிடித்து இழுத்து வருகின்றன. தயிரில் முடி கிடந்ததைப் பார்த்ததுபோல் அவள் உதடு சுருங்கியது.

பரிந்துரைகளை விட்டுவிட்டு அவசியமானதை மட்டும் நிறுவ வழி உண்டு. கட்டளையில் இன்னும் ஒரு சொல் சேர்த்தால் போதும். 'ஒரு நிமிஷம் ஐயா, இதைப் படிச்சுப் பார்க்கணும்' என்று சொல்ல வேண்டும். வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. வெளியே வரவில்லை.

"என்னம்மா யோசனை? எண்டர் தட்டு," என்றார் ஹரலாம்பி. அவர் மூச்சில் பாலாடைக்கட்டி வாடை அடித்தது.

தட்டினாள்.

நடுவில் திரை நீலமாகி ஒரு கேள்வி கேட்டது. இந்தக் கணினியின் அஞ்சல் நிலையம் எப்படிப்பட்டது? உலகத்துக்கெல்லாம் கடிதம் அனுப்புவதா, உள்ளூருக்கு மட்டுமா?

"தண்ணி பாட்டிலுக்கு ஸ்டிக்கர் கேட்டா தபாலாபீஸ் திறக்கச் சொல்லுதே!" என்றாள் த்ஸோன்கா.

"எதையாவது அமுக்கும்மா."

உள்ளூர் என்பதை அமுக்கினாள். பத்து இருபதுக்கு எல்லாம் முடிந்தது. இருநூறு ஸ்டிக்கர்களும் அச்சாகி வர அரைமணி நேரம். ஹரலாம்பி கடைசித் தாளில் மீந்த வெற்றிடத்தைக் கத்தரியால் வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். த்ஸோன்கா போகும்போது மடிக்கணினியின் மூடி மேல் ஒரு பூனையை ஒட்டிவிட்டுப் போனாள்.

"எரநூறுல ஒன்னு குறைஞ்சா அந்தாளுக்கு ராத்திரி தூக்கம் வராது. வரக் கூடாதுன்னுதான் ஒட்டினேன்."

திலியானா தனியானாள். மெனுவைத் திறந்தாள். நான்கு வரி இருந்த மெனுவில் இப்போது முப்பது வரி. மூலையில் ஒரு சாவிப் படமும் ஒரு மணியும் முளைத்திருந்தன. தன் அறையில் அந்நியர்கள் செருப்போடு கட்டிலில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கணினிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினொரு மணிக்கு எதற்கோ கட்டளைத் திரையைத் திறந்தபோது ஒரு வரி வந்தது. உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

இந்தக் கணினியில் அவளுக்கு யார் கடிதம் போடுவார்கள்? திறந்தாள். முப்பத்தெட்டுக் கடிதங்கள். நிமிடத்துக்கு ஒன்று. எல்லாம் அவளுடைய நிரலே எழுதியவை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: பெட்டியைக் காணவில்லை.

பக்கத்து அறைக்கு ஓடினாள். பெட்டி இருந்தது, விளக்கு எரிந்தது, கம்பி சரியாக இருந்தது. திரும்பி வந்து கணினியின் குறிப்பேட்டைப் புரட்டினாள். பத்து இருபத்திரண்டுக்கு யாரோ பெட்டியின் கதவை உள்ளிருந்து தாழிட்டிருந்தார்கள். யாரென்று பார்த்தாள். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கருவிகளுக்கான சேவை. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று.

அவளுடைய மலிவான சிப்பின் எண்ணும் ஏதோ ஒரு பிரெயில் கருவியில் இருக்கும் சிப்பின் எண்ணும் ஒன்று. சேவை வந்ததும் கம்பியை முகர்ந்து பார்த்தது. நம்ம ஆள்தான் என்று முடிவு கட்டி அணைத்துக்கொண்டது. யாருக்கோ உயிரான சேவைதான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஸ்டிக்கர் கேட்டதற்கு அது ஏன் வந்தது? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை.

அந்த ஒரு பொதியை மட்டும் நீக்கினாள். மறு நிமிடமே எண் வந்தது. 0.31.

பதினொன்று மூன்று. இடைவெளி நாற்பத்தொரு நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள்தான். பிழைத்தாள்.

அங்கே அவள் நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய் ஒரு காப்பி குடித்திருக்கலாம். மறுநாள் முடியும்வரை அந்தக் கணினியைத் தொடாமலே இருந்திருக்கலாம்.

ஆனால் மெனுவில் சீட்டாட்டம் இருந்தது. வெல்ஷ் அகராதி இருந்தது. மூலையில் சாவி இருந்தது. எண்ணிப் பார்த்தாள்: ஆயிரத்து ஐம்பத்திரண்டு. கழுத்தில் அழுக்கோடு அடுத்த நாள்வரை இருக்கச் சொன்னால் எப்படி? பார்க்கப் பார்க்கத் தோல் அரித்தது.

ஸ்டிக்கர் மென்பொருளை நீக்கினாள். அதை நீக்கியதும், அதனால் வந்தவை எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றன. அப்படிச் சொந்தமில்லாமல் நிற்பவற்றை மொத்தமாகக் கூட்டித் தள்ள ஒரு கட்டளை உண்டு. தட்டினாள். மறுபடி ஒரு நீளமான பட்டியல். தொடரலாமா? பட்டியலில் முதலில் தெரிந்தவை எல்லாம் காலையில் வந்த மூஞ்சிகள். அந்த மூஞ்சிகளை இன்னொருமுறை பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்தமுறை அவள் பின்னால் யாரும் நிற்கவில்லை. அவளாகவேதான் எண்டர் தட்டினாள்.

சாவி போயிற்று. மணி போயிற்று. அஞ்சல் நிலையம் போயிற்று. பதினொன்றரை. எண்ணினாள்: எழுநூற்று முப்பத்தாறு. முன்பு இருந்ததைவிட ஐந்து குறைவு. இன்னும் சுத்தம் என்று நினைத்தாள். மூச்சு சீராக வந்தது. கீழே போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த மிளகாய்ச் சட்னி தடவிய ரொட்டியைச் சாப்பிட்டாள். பிறகு மாதிரிப் புட்டிகளைக் கழுவினாள். மேலே வந்து நாளைய அறிக்கைக்கான வரைபடத்தைத் திறந்தபோது மணி இரண்டு பத்து.

வரைபடக் கோடு பதினொன்றரைக்கு நின்றிருந்தது.

கடிதம் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். வரவில்லை. வராது. கடிதம் கொண்டுவரும் நிலையத்தைத்தான் அவளே இடித்துத் தள்ளியிருந்தாளே.

நிரலைக் கையால் ஓட்டினாள். அது ஒரே வரியில் சொன்னது: பெட்டியோடு பேசும் நூலகம் இல்லை.

எந்த ஐந்து குறைந்தது என்று இப்போது புரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கம்பியைச் சோதிக்க ஒரு மென்பொருளை நிறுவியிருந்தாள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, மற்ற நிரல்கள் எடுத்தாளும் துணைநிரல்களின் தொகுப்பான அந்த நூலகமும் இன்னும் நான்கு பொதிகளும் வந்திருந்தன. வேலை முடிந்ததும், சுத்தம் கருதி, மென்பொருளை நீக்கிவிட்டாள். கூட வந்த ஐந்தும் தங்கிவிட்டன. நிரல் அந்த நூலகத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அவள் கையால் எழுதிய நிரல் கணினியின் கணக்கில் ஒரு பொதியே அல்ல. கணக்குப்படி நூலகத்துக்கு ஆளில்லை. கூட்டித் தள்ளியது.

பெயர் படித்தே உள்ளே விட்டதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததில் எது எதைத் தாங்கி நிற்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

நூலகத்தை மறுபடி நிறுவினாள். ஒரே ஒரு பொதி. இரண்டு பதினான்குக்கு எண் வந்தது. 0.31. இடைவெளி நூற்று அறுபத்து நான்கு நிமிடம்.

வாயில் மிளகாய்ச் சட்னி புளித்து மேலே வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டைப் பற்றிய அருவருப்பு அல்ல இது. இது தன் மேலேயே வந்தது.

ஹரலாம்பியின் அறையில் த்ஸோன்கா பாட்டில்களில் பூனை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?" என்றார் ஹரலாம்பி.

சொன்னாள். காலையில் வந்ததையும் சொன்னாள், தான் செய்ததையும் சொன்னாள். ஹரலாம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறுபடியும் முப்பது நாளா?"

"ஆமா ஐயா."

"நாளைக்கு முடியுற நேரத்துல? ஏம்மா, கொஞ்சம் இரு. ஊத்துத் தண்ணிதானே. பதினொன்றரைக்கு என்ன நம்பர்?"

"பாயிண்ட் முப்பத்தொண்ணு."

"ரெண்டேகாலுக்கு?"

"பாயிண்ட் முப்பத்தொண்ணு."

"அப்புறம் என்ன? இந்தப் பக்கம் ஒன்னு நிக்குது, அந்தப் பக்கம் ஒன்னு நிக்குது. நடுவுல இருக்கற பள்ளத்தை நிரப்பு. பாயிண்ட் முப்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டுன்னு கொஞ்சம் கலந்து போடு. எவன் பாக்கப் போறான்? உன் வேலையும் நிலைக்கும், எனக்கு ஒரு மாசக் கரண்ட்டும் மிச்சம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மிச்சம் பிடிக்கிறார், அவ்வளவுதான். திலியானா தன் காலணியைப் பார்த்தாள். நூற்று அறுபத்து நான்கு எண்கள். யாரும் அளக்காதவை. வரிசையாக, முறையாக, நிமிடத்துக்கு ஒன்றாக, உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று ஊற்றுகளிலும் பெட்டி பொருத்தப்படும். ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கும்.

"முடியாது," என்றாள்.

"என்னது?"

"முடியாது ஐயா." காலணியிலிருந்து கண்ணை எடுத்தாள். "கேக்காத முன்னூத்திப் பன்னெண்டு உள்ள வந்ததுக்கே எனக்குக் குமட்டிடுச்சு. இப்ப நானே நூத்தி அறுபத்தி நாலைக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கணுமா? என்னால ஆகாது. தப்பு பண்ணது நான். இடைவெளின்னே எழுதுங்க."

த்ஸோன்காவின் கையில் ஒரு பூனை பாதி ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது.

"அடேயப்பா! பொண்ணுக்கு வாய் இருக்கு தலைவரே! இத்தனை நாள் கரண்ட்டை மிச்சம் பிடிக்க அணைச்சு வச்சிருந்திருக்கா!"

ஹரலாம்பி சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த வெளிநாட்டுக் கலங்கல்மானியின் விலைப்பட்டியலை இழுத்துப் பார்த்தார். அதில் எத்தனை சைபர் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் ஒருமுறை விரல் வைத்து எண்ணினார். பெட்டி இல்லையென்றால் அப்படி மூன்று வாங்க வேண்டும்.

"காலையில வா," என்றார்.

மறுநாள் காலை ஹரலாம்பியின் மேசை மேல் ஒரு தாள் இருந்தது. மாவட்ட அலுவலகத்துக்கு இடைவெளியைப் பற்றி எழுதிவிட்டதாகச் சொன்னார். பிறகு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"உன் வேலைக்கு ஒரு மாச நீட்டிப்பு. ஒரே வரிதான். போடு கையெழுத்தை, எனக்கு ஊர்வலக் கமிட்டி கூட்டம் இருக்கு."

பேனாவை நீட்டி, அவள் பின்னால் வந்து நின்றார். மூச்சில் பாலாடைக்கட்டி வாடை.

"ஒரு நிமிஷம் ஐயா," என்றாள். "படிச்சுப் பார்க்கணும்."

முதல் வரி நீட்டிப்பு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் இருந்தது. மேற்படி ஊழியர் அலுவலக மின்கருவி அனைத்தையும் பராமரிப்பார். திருவிழாவுக்கான அச்சு வேலைகளைச் செய்வார். தேவைப்படும் நாட்களில் மாதிரி எடுப்பார். வாரம் ஒருமுறை வண்டியைக் கழுவுவார்.

"இதெல்லாம் என்ன ஐயா?"

"அதெல்லாம் சும்மா கூட வர்றதும்மா. நீட்டிப்புன்னு போட்டா இதெல்லாம் கூட வரும்."

திலியானா பேனாவை வாங்கினாள். இரண்டாம் வரியை அடித்தாள். மூன்றாம் வரியை அடித்தாள். மாதிரி எடுக்கும் வரியில் கொஞ்சம் நின்றாள். ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் பெட்டியின் எண்ணை எப்படி நம்புவது? அதை விட்டுவைத்தாள். வண்டியை அடித்தாள். கடைசியில் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதினாள்: சோதனை முடியும்வரை அந்தக் கணினியில் வேறு எதுவும் நிறுவப்படாது.

ஹரலாம்பி குனிந்து பார்த்தார். "அப்ப அடுத்த வருஷம் ஸ்டிக்கர்?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் ஐயா."

"முப்பது நாள்னுதான் போட்டிருக்கேன். முப்பத்தொண்ணாவது நாள் கிடையாது."

"இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கே ஆரம்பிச்சுட்டேன்," என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

தன் அறைக்கு வந்து பார்த்தாள். நாற்பத்திரண்டு எண்கள் வந்திருந்தன. எல்லாம் பெட்டி அளந்தவை. எழுநூற்று முப்பத்தேழு பொதிகளில் எது எதைத் தாங்குகிறது என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள். அன்றைக்குள் முடியாது. அந்த மாதத்துக்குள் முடிந்தால் பெரிது.

கணினியின் மூடியில் பூனை இருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தாள். படம் வந்துவிட்டது. பசை வரவில்லை. நனைத்த துணியால் தேய்த்தாள். கறுத்துத் திரண்டு விரலில் ஒட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துணியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பொதியின் பெயரை எழுதினாள்.